மருந்து ஸ்பூன்

"தாடையத் தூக்கிப் பிடிம்மா," என்றார் பாஸ்டர்.

மகள் அப்பாவின் தாடையைத் தாங்கிப் பிடித்தாள். மூன்று நாள் முள்தாடி உள்ளங்கையில் குத்தியது. ஒரு மூச்சு வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. ஜன்னலில் பட்டப்பகல் கறுத்துக்கொண்டு வந்தது. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும் என்று நர்ஸ் காலையில்தான் எச்சரித்திருந்தாள். ஆனால் அப்பா கடைசியாகக் கேட்டது திருவிருந்தை, கோவிலில் தரும் அப்பத்தையும் திராட்சரசத்தையும்.

அம்மா நிலைப்படிக்கு வெளியே நின்றாள். அப்பா லுத்தரன் சபை, அவள் ஆர்த்தடாக்ஸ் சபை. இருபத்தெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே பஸ்ஸில் ஏறி வேறு வேறு ஸ்டாப்பில் இறங்கியவர்கள். அங்கே அப்பத்தில் ஒரு துணுக்கை வாயில் வைத்தாலும் இங்கே உனக்கு இடமில்லை, கல்லறையில்கூட இல்லை என்று அவள் சபை ஃபாதர் போன வாரமும் சொல்லியனுப்பியிருந்தார்.

சின்ன வயதில் மகள் இருவரையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறாள். அந்த அப்பம் நிஜமாகவே ஆண்டவரா?

"அவரேதான்," என்றார், பூட்டைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா.

எப்படி?

"அது யாருக்குத் தெரியும்?"

அம்மாவும் அச்சு அசலாக அதையேதான் சொன்னாள். பிறகு எதற்கு இரண்டு ஸ்டாப்? காலேஜ் முடித்தும் மகளுக்குப் பிடிபடவில்லை, எரிச்சல்தான் மிச்சம். அப்பாவைக் கேட்டால் சிரிப்பார். "அவர் ரெண்டு கோவில்லயும் இருக்கார். நம்மாலதான் முடியல. என்ன பண்றது, பட்டதாரி?"

பாஸ்டர் காய்ந்த அப்ப வில்லையை எடுத்தார். கை தயங்கியது. "தொண்டைல ஒட்டிக்கிட்டா..."

"அம்மா, உங்க கோவில்ல திராட்சரசத்துல நனைச்சு ஸ்பூன்லதானே குடுப்பாங்க?"

"எங்க சபைல ஸ்பூன் வழக்கமில்லையேம்மா," என்றார் பாஸ்டர்.

"வழக்கம் ஒண்ணும் செத்துடாது பாஸ்டர். இவர்தான் செத்துக்கிட்டிருக்கார்."

அம்மா போய் மருந்து ஸ்பூனைக் கொண்டுவந்து நீட்டினாள். கை மட்டும் உள்ளே வந்தது, கால் வரவில்லை.

நனைந்த துணுக்கு உதட்டுக்குள் போனது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. மகள் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. வாயோரம் திராட்சரசம் சிவப்பாக வழிந்தது. துணுக்கில் பாதி, மார்பில் விரித்திருந்த துண்டில் விழுந்தது.

பாஸ்டரின் கையும் அம்மாவின் கையும் ஒரே நேரத்தில் அங்கே பாய்ந்தன.

"முதல்ல அவர் கண்ண மூடுங்க!" மகள் கத்தினாள்.

யாரும் திரும்பவில்லை. தவறி விழுந்த கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் இருவரும் அதையே பார்த்தார்கள். இருவர் முகத்திலும் ஒரே பதற்றம்.

"நான் எடுத்துக்கறேன்மா," என்றார் பாஸ்டர் மெல்ல. "உங்களுக்கு..."

அம்மா துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். நிலைப்படி அவளுக்குப் பின்னால் இருந்தது. ஒட்டியிருந்த துளியும் வீணாகாதபடி அவள் ஸ்பூனில் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். மறுபடி ஊற்றிக் குடித்தாள். மகளின் கை தாடையை இன்னும் விடவில்லை.