உரிக்காத பிளாஸ்டிக்

என் தங்கை புருஷனை எனக்குப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. என் கார் பட்டறை வாசலில் அவன் ஹாரன் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றும் கதவு திறந்தே கிடக்க, மூன்று தடவை அடித்தான். முன் சீட்டில் அவன் பை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தங்கை பின் சீட்டில்.

"மச்சான், இந்த ஸ்க்ரீனைக் கொஞ்சம் பாருங்க. எல்லாம் உங்க தங்கச்சி செஞ்ச வேலை."

மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் ஓட்டிக்கொண்டு போன ஒரு நாளில்தான் நேவிகேஷன் திரைக்குக் கிறுக்குப் பிடித்தது. யாரும் தொடாமலே வரைபடம் ஓடியது, போட்ட முகவரி தானாக அழிந்தது. அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிறவள், கையில் எப்போதும் சானிடைசர் ஈரம் இருக்கும். அந்தக் கையால் தொட்டுக் கெடுத்துவிட்டாள் என்று தீர்ப்பெழுதி, சாவியைப் பிடுங்கிக்கொண்டான். கார் அவள் பேரில் இருக்கிறது. அது வேறு விஷயமாம். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அவள் இரண்டு பஸ் மாறிப் போனாள். போனில் என்னிடம் அழுதபோதெல்லாம், "ஸ்க்ரீன்தானே, கொண்டு வா, பார்த்துடலாம். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துப் போ" என்றேன். தப்பு அவள்மேல் இல்லை என்று காட்டிவிட்டால் சாவி அவள் கைக்கு வந்துவிடும் என்று நம்பினேன்.

திரை எரிய வேண்டுமானால் சாவி போட வேண்டும். முனகிக்கொண்டே கொடுத்துவிட்டு இறங்கி நின்றான். நான் அவன் இடத்தில் உட்கார்ந்தேன்.

பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, அணைத்து ஏற்றினேன். உலர்ந்த துணியால் துடைத்தேன். திரையில் வரும் கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு அளவைச் சரிசெய்தேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில், விரல் படும் இடத்தில் புள்ளி விழுகிற தொடு சோதனையைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். வலது கீழ்மூலையில் புள்ளிகள் தானாக விழுந்துகொண்டே இருந்தன.

"பார்த்தீங்களா? அங்கதான் கையை வெச்சிருப்பா."

"நான் அந்த மூலையைத் தொட்டதே இல்ல" என்றாள் பின்னாலிருந்து.

"உன்னைக் கேட்டேனா?"

பல்லைக் கடித்துக்கொண்டு, திரையைச் சுற்றியிருந்த சட்டத்தை நெம்பிக் கழற்றினேன். டார்ச் அடித்ததும் குட்டு உடைந்தது.

இவன் வீட்டில் ரிமோட் பாலித்தீன் உறைக்குள்தான் இருக்கும். மெத்தை இன்னும் கடைக்கவரோடு கிடக்கிறது, புரண்டு படுத்தால் மொறமொறக்கும். உரித்தால் பழசாகிவிடுமாம். காரிலும் அதே கைவரிசை. கம்பெனி ஒட்டி அனுப்பும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல், அதன் மேலேயே கண்ணாடி ஸ்க்ரீன் கார்டையும் ஒட்டியிருந்தான். தாள் மூலையில் தூக்கிக்கொண்டு, அடியில் ஈரம் புகுந்து, அதைத்தான் திரை விரல் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

"இதை யார் ஒட்டினது?"

"நான்தான். பத்திரமா இருக்கட்டும்னு."

ஸ்க்ரீன் கார்டோடு சேர்த்துத் தாளை ஒரே இழுப்பில் உரித்தேன். "ஐயோ, கீறல் விழும்!" என்று பாய்ந்தான். ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி சோதனை போட்டேன். ஒரு புள்ளிகூட விழவில்லை. அவன் முகத்தில் கரியைப் பூசிவிட்ட சந்தோஷம் எனக்கு.

"தங்கச்சி மேல தப்பே இல்ல. கெடுத்தது நீங்க. சாவியை அவகிட்ட குடுத்துடுங்க."

அவன் அசரவே இல்லை. "அதான் சரியாயிடுச்சே மச்சான். புதுசு மாதிரி இருக்கு. இனிமே இவ கை படாம நான் பார்த்துக்கறேன்."

நான் சட்டத்தை மாட்டிவிட்டு இறங்கினேன். தங்கை இறங்கி, அவன் பையை எடுத்துத் தரையில் வைத்தாள். சுற்றி வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டாள். சாவி அதிலேயே இருந்தது.

"ஏய், எங்க போற? இறங்குடி!" என்று கண்ணாடியைத் தட்டினான்.

அவள் திரையில் ஏதோ முகவரியை எழுதினாள். முதல் தொடலிலேயே எடுத்துக்கொண்டது. பிறகு என் பக்கத்துக் கண்ணாடியை நான்கு விரல் அளவு இறக்கினாள்.

"மூணு மாசமா உன்கிட்ட என்ன சொல்லிட்டிருந்தேன், ஞாபகம் இருக்காண்ணா?"

"ஸ்க்ரீன்..."

"ஸ்க்ரீனும் சொன்னேன். போனைப் பிடுங்கி வெச்சுக்கறார்னு சொன்னேன். மழையில வெளிய நிக்க வெச்சுக் கதவைப் பூட்டினார்னு சொன்னேன். நீ எந்த மாடல் காருன்னு கேட்டே."

கண்ணாடி ஏறியது. பின்னால் எடுத்து, திருப்பி, நிதானமாகத் தெருவில் இறங்கினாள்.

அவன் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "போன் பண்ணி வரச் சொல்லுங்க மச்சான். நீங்க சொன்னா கேப்பா."

அது எனக்குத் தெரியும். மூன்று மாதமாக நான் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறாள்.