காலை உணவோடு ஓர் அறை

ரயில் கிளம்ப ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. நகரத்தில் எங்கே தங்குவது என்று இன்னும் முடிவாகவில்லை.

எனக்கு அங்கே ஓர் இன்டர்வியூ. குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. ஓர் இரவு தங்கினால் போதும், நான் தனியாகவே போய் வந்துவிடலாம். ஆனால் அண்ணன் இறந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் தனியாக எங்கேயும் போவதில்லை. அப்பா முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் அவர் திரும்பும் வரை அம்மா வாசலை விட்டு அசைய மாட்டாள். அதனால் மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று.

அப்பா ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ஹோட்டலைச் சொன்னார். போனில் அதன் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். வெள்ளை விரிப்பு, வெந்நீர், ஆறு மாடிக்கும் லிப்ட். சாவியை வாங்கினோமா, கதவைச் சாத்தினோமா, நம் பாட்டுக்கு இருந்தோமா என்று வந்துவிடலாம், நீ யார் என்ன என்று ஒருத்தன் கேட்க மாட்டான் என்றார். கடைசியில் சொன்னதைத்தான் மறுபடியும் மறுபடியும் சொன்னார்.

அம்மா படங்களைப் பார்க்கவில்லை. "கர்னல் வீட்டுல தங்கலாமே" என்றாள்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். கம்பெனி அவனை இரண்டு முறை பயிற்சிக்காக அந்த நகரத்துக்கு அனுப்பியது. இரண்டு முறையும் ஒரு வீட்டில் தங்கினான். ஒரு பெண்மணி தன் வீட்டின் மேல்மாடி அறைகளை வாடகைக்கு விட்டு, காலையில் சாப்பாடும் போடுவார். வாசலில் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்று பலகை இருக்குமாம். செருப்பு வெளியே, ஈரத்துண்டு கொடியில், எட்டு மணிக்கு மேல் வந்தால் காபி கிடையாது என்று அவர் போடும் சட்டங்களுக்காக அண்ணன் அவருக்குக் கர்னல் என்று பெயர் வைத்தான். ஊருக்கெல்லாம் லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் மூணு மாடி ஏறி இறங்குகிறேன் என்று போனில் புலம்புவான். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சிரிப்பாள்.

கர்னலுக்கு அவன் இறந்தது தெரியாது. தெரிய வழியில்லை. விபத்து நடந்தது எங்கள் ஊர்ச் சாலையில்.

அங்கே போனால் யாராவது சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. 'அதுக்கு முன்னாடி', 'அதுக்கு அப்புறம்' என்போம். புது சோபா அதுக்கு முன்னாடி வாங்கியது. அம்மாவுக்கு பி.பி. அதுக்கு அப்புறம் வந்தது. அப்படித்தான் பதினோரு மாதங்களை ஓட்டிவிட்டோம்.

அப்பாவுக்கு ஏன் ஹோட்டல் வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு ஏன் அந்த வீடு வேண்டும் என்பதை நினைக்கத்தான் பயமாக இருந்தது. அண்ணன் இன்னும் உயிரோடு இருப்பதாக நம்பும் வீடு உலகத்திலேயே அது ஒன்றுதான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தூரம், வசதி, இன்டர்வியூ நடக்கும் இடத்துக்குப் போகும் பஸ் என்று எதை வைத்துப் பார்த்தாலும் ஹோட்டல்தான் சரி. ஆனால் இந்தப் பதினோரு மாதத்தில் அம்மா வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான். நான் அந்த வீட்டுக்கே எழுதினேன்.

எழுதியதில் ஒரு தப்பு செய்துவிட்டேன். டிக்கெட், காஸ், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அண்ணன் தன் பெயரில் திறந்து வைத்த ஒரே ஈமெயில் கணக்குதான். உங்களுக்கெல்லாம் ஒரு பாஸ்வேர்டுக்கு மேல் தாங்காது என்று சொல்லி அவன் செய்துவைத்த ஏற்பாடு. அதை யாரும் மாற்றவில்லை. பழக்கதோஷத்தில் நானும் அதிலிருந்தே, மூன்று பேர், ஓர் இரவு, அறை கிடைக்குமா என்று கேட்டேன். அரை மணியில் பதில் வந்தது. அவன் பெயரைச் சொல்லி, வா தம்பி, உன் அறை காலியாகத்தான் இருக்கிறது, அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறாயா, ரொம்ப சந்தோஷம் என்று இருந்தது.

நான் அவனில்லை, அவன் தங்கை என்று தட்டினேன். அதற்கடுத்த வாக்கியத்துக்கு விரல் வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'நன்றி' என்று மட்டும் அனுப்பினேன்.

ரயிலில் அம்மா கண் அயர்ந்தபோது, அந்தம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லியாயிற்றா என்று அப்பா தணிந்த குரலில் கேட்டார். எழுதிட்டேன்ப்பா என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வீடு ஒடுக்கமாக, உயரமாக இருந்தது. வாசலில் செருப்பு வைக்க மரத்தட்டு. மணியை அழுத்துவதற்குள் கதவு திறந்துவிட்டது. கர்னல் நான் நினைத்ததில் பாதி உயரம்தான் இருந்தார். எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு எங்களைத் தாண்டித் தெருவைப் பார்த்தார்.

"தம்பி எங்கே? பெட்டியத் தூக்கிட்டுப் பின்னாடி வர்றாரா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாங்க மூணு பேர்தான் வந்திருக்கோம்" என்றாள் அம்மா. அமைதியாகச் சொல்லிவிட்டுக் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று கர்னல் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்போ நீதான் மியூட்டா?"

நான் வாய் திறக்காத பெண் என்பதால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் அது. அந்தக் கணமும் நான் பெயருக்கேற்றபடிதான் நின்றேன்.

மூன்றாம் மாடி அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. எனக்காகத் தரையில் ஒரு மெத்தையும் போட்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அம்மா கைப்பையை வைத்துவிட்டு முகம் கழுவினாள். கீழே போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று இறங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். சமையலறையில் கர்னல் நின்றபடி காய் நறுக்க, அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அழைப்பு மணி நாலு வருடமாக ஊமையாகக் கிடந்ததாம். வந்த மூன்றாம் நாளே தம்பி அதைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தாராம். அதற்கப்புறம் அது நிற்காமல் அடித்து, தெருவே எட்டிப் பார்த்ததாம். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எவ்வளவு நாளாக அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம், அப்புறம் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். சரியாகச் சாப்பிடுவானா, ராத்திரி நேரத்தோடு வருவானா, எந்த நாற்காலியில் உட்காருவான். கர்னல் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நான் சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

அப்பா வெளியே நடந்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தவர் மாடிப்படித் திருப்பத்தில் என்னை நிறுத்தினார். ஹோட்டலில் போய்ப் பேசிவிட்டாராம். காலையில் இன்டர்வியூவுக்கு நான் கிளம்பும்போதே எல்லோரும் இங்கிருந்து கிளம்பிவிடலாம், ரயில் நேரம் வரை அங்கே இருந்துகொள்ளலாம் என்றார். கீழே அம்மாவின் சிரிப்பு கேட்டது. அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மா பாரு. அவன் எங்கேயோ வேலைக்குப் போயிருக்கிற மாதிரி பேசிட்டிருக்கா. இன்னும் ஒரு நாள் இங்க இருந்தா அதையே நம்பிடுவா. அப்புறம் நம்மால மீட்டுக் கொண்டுவர முடியாது."

அந்தம்மாவிடம் தானே போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், தப்பு என்னுடையது, காலையில் நானே சொல்கிறேன் என்றேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு மேலே போனார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்றுதான் ஏறினார்.

காலையில் குளித்து, இன்டர்வியூவுக்காகத் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். குடிநீரில் குளோரின் அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது தடங்கலில்லாமல் வரும். இது பாதியில் நின்றது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த நாலு வார்த்தைதான்.

சாப்பாட்டு மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. ரொட்டி, முட்டை, நறுக்கிய பழம். அம்மா மற்ற நாற்காலிகளை விட்டுவிட்டு மூலையில் இருந்ததில் போய் உட்கார்ந்தாள். அது யாருடைய இடம் என்று முந்தின மாலையே கேட்டு வைத்திருந்தாள். அப்பா பெட்டியை வாசலருகே கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிட மனமில்லாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் சாப்பிடும்போது கர்னல் உட்காருவதில்லை. அது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். காபிக் கூஜாவைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். அம்மாவின் கோப்பையை நிரப்பினார். என் கோப்பைக்கு வந்தபோது, மியூட்டுக்கு வேலை கிடைத்துவிட்டால் இங்கேயே தங்கிக்கொள்ளலாம், அண்ணன் ரூம்தானே என்றார். பிறகு கேட்டார்.

"தம்பி அடுத்து எப்போ வருவார்? பயிற்சி இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குன்னு சொன்னாரே."

அப்பா பிய்ப்பதை நிறுத்தினார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் நிமிர்ந்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமாகப் பிடித்தாள், சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பது போல.

"நீ இரு" என்றாள். பிறகு கர்னலைப் பார்த்து, "அக்கா, கூஜாவ வெச்சிட்டு இப்படி உக்காருங்க" என்றாள்.

பரவாயில்லை, நிற்பதே பழக்கம் என்றார் கர்னல்.

"இல்லக்கா. உக்காருங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, கர்னல் கூஜாவை மேசையில் வைத்தார். நாற்காலியை இழுத்து அதன் நுனியில் உட்கார்ந்தார். அம்மா என் கையை விடாமலே அவர் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தில் நேற்றைய தெளிவு அப்படியே இருந்தது. நாங்கள் பயந்தது போல அது மயக்கமில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு" என்றாள். "நான் பஸ்ஸ விட்டு இறங்கும்போதே தெரு முழுக்க நின்னுட்டிருந்தாங்க. அதனால யாருக்கும் நான் சொல்ல வேண்டி வரல. இவங்க ரெண்டு பேர்கிட்டகூட நான் சொன்னதில்ல. அவனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாதவங்க நீங்க ஒருத்தர்தான் மிச்சம். முதல்ல அவன் இங்க எப்படி இருந்தான்னு கேட்டுக்கிட்டு அப்புறம் சொல்லணும்னுதான் வந்தேன்."

கர்னலின் கை மேசையில் எதையோ தேடியது. அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மூச்சை இழுத்து விட்டாள்.

"என் பையன் செத்துட்டான்க்கா."