ஐந்தாம் நாள் மாத்திரை

ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பட்டியலை வாசிக்கும்போது தன் பெயர் வரும் என்று தபீதாள் கனவிலும் நினைக்கவில்லை.

"ரத்தினபாய் அம்மாள், தம் மருமகள் தபீதாள் பெற்ற விசேஷித்த நன்மைக்காக ஸ்தோத்திரக் காணிக்கை" என்று போதகர் கணீரென்று வாசித்தார். கல்யாணமாகி ஆறு வருஷமான மருமகளுக்கு விசேஷித்த நன்மை என்றால் என்னவென்று தாம்பரம் சபையில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். பெண்கள் பக்கத்தில் அத்தனை தலைகளும் அவளை நோக்கித் திரும்பின. தபீதாள் மாமியாரைப் பார்த்தாள். ரத்தினபாய் கண்களை மூடி, கன்னத்தில் நீர் வழிய, ஆமென் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாவம், அவளையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. கொல்லைக் கொடியில் மருமகளின் மாதாந்தரத் துணி உலர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. போதாததற்கு, குரோம்பேட்டை லேடி டாக்டரிடம் போய்வந்த மருமகள் ஏதோ மாத்திரை வேறு விழுங்கினாள். ரத்தினபாய் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கண் பட்டுவிடும் என்று பயம். திருஷ்டியெல்லாம் அஞ்ஞானிகள் பேச்சு என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவள்தான்.

உண்மை வேறு. தபீதாளுக்கு வயதுக்கு வந்த நாளிலிருந்தே மாதவிலக்கு ஒழுங்காக வந்ததில்லை. ஒரு தரம் இரண்டு மாதம், இன்னொரு தரம் மூன்று மாதம் என்று அதன் இஷ்டத்துக்கு வரும். டாக்டர் சரோஜினி சோதித்துப் பார்த்து, கர்ப்பம் இல்லை என்று சொல்லி, மாதவிலக்கை வரவழைக்கத்தான் அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தார்.

"அது வந்ததும் ஓடி வாம்மா. பரிசோதிச்சுட்டு, அஞ்சாம் நாள்லேர்ந்து வேற மாத்திரை தரேன். புதுசா வந்திருக்கு. முட்டை பக்குவமாகறதுக்கு. அதை விட்டுட்டா மறுபடி எப்ப வருமோன்னு காத்திருக்கணும்."

ஆறு வருஷமாக அது வரும்போதெல்லாம் குளியலறையில் அழுதவள், இப்போதுதான் முதல்முறையாக அதன் வரவுக்குக் காத்திருந்தாள். மாமியாரிடம் சொல்லவில்லை. ஏதாவது பலன் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாள். அதற்குள் போதகரே சொல்லிவிட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் காலை கீரைக்காரி கிளியம்மாள் கூடையை இறக்கும்போதே ஆரம்பித்தாள். "இன்னாமா, நல்ல சேதி கீதாமே! இந்தா, மாங்கா. துட்டு வாணாம், நீ துன்னு." பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்கள் அவளைக் கரும்பலகை துடைக்கவிடவில்லை. எல்லாருக்கும் சிரித்துச் சிரித்துத் தபீதாளுக்குத் தாடை வலித்தது. மாங்காயை மட்டும் உப்புப் போட்டுத் தின்றாள். மாங்காய் என்ன பாவம் செய்தது?

புதன்கிழமை விடியலில் வந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குளித்துத் துணியை அலசிக் கொடியில் போட்டாள். அதைப் பார்த்த ரத்தினபாய் துவைகல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, கர்த்தர் சந்நிதியில ஸ்தோத்திரம் பண்ணிட்டேனே! நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சபைக்குப் போவேன்?"

தபீதாள் பக்கத்தில் குந்தி, டாக்டர், மாத்திரை, ஐந்தாம் நாள் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். ரத்தினபாய் காதில் பாதிதான் ஏறியது.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இப்போ கலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுவோம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நீ ஒரு மாசம் வெளியே தலைகாட்டாம படுத்திரு, போதும்."

"படுத்திருந்தா டாக்டர்கிட்ட யார் அத்தை போறது?"

"அடுத்த மாசம் போயேன்."

கணவன் தேவானந்தம் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவனைப் பார்த்துச் சொன்ன பழமொழி. சாயங்காலம் வந்து, அம்மா பேச்சையும் கேட்டு, மனைவி பேச்சையும் கேட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றான். "அம்மா மானமும் பாக்கணும் இல்லையா? அடுத்த மாசமே ஆரம்பிச்சா என்ன, தபீ?"

"அடுத்த மாசம்னு ஒண்ணு எனக்கு உண்டா?" என்றாள் தபீதாள். "உங்களுக்குக் காலண்டர்ல தாளைக் கிழிச்சா அடுத்த மாசம் வந்துடும். எனக்கு அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? கைக்கு வந்திருக்கு. நான் விடறதா இல்லை."

தேவானந்தம் சட்டையைக் கழற்ற உள்ளே போனான். மாமியாருக்கு மட்டும் வேறு வழி தெரிந்திருந்தது. வியாழக்கிழமை, மதில் ஓரமாக, அடுத்த வீட்டு மெட்டில்டாவிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டாள்: கலைந்து போயிற்று. மெட்டில்டா பெண்கள் சங்கத்தின் காரியதரிசி. அவளிடம் சொன்னால் தனித்தனியாக யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

தபீதாளுக்கு அது தெரிந்தபோது ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. இல்லாத பிள்ளையைக் கொடுத்ததும் அத்தை, எடுத்ததும் அத்தை. நடுவில் நான் எதற்கு? ஆனாலும் சண்டை போட நேரமில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மின்சார ரயில் ஏறிக் குரோம்பேட்டைக்குத் தனியாகப் போனாள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு மாத்திரையை எழுதினார். "உடம்பு குபுகுபுன்னு சூடாகும். தலைவலி வரும், கோபம் வரும். வெறும் வயித்துல போடாதே. முதல் தடவையே பலிச்சுடும்னு நான் சொல்ல மாட்டேன்."

"நானும் அப்படிக் கேக்கலை டாக்டர். ஆரம்பிச்சாப் போதும்."

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து உண்டு. அந்த வீட்டில் திருவிருந்து எடுத்து முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. வெறும் வயிற்றில் மாத்திரையும் கூடாது. தபீதாள் ஒரு வாழைப்பழத்தையும் மாத்திரையையும் கைப்பையில் வைத்துக்கொண்டு புடவை உடுத்தினாள்.

"நீ வராதே. கெஞ்சிக் கேக்கறேன்," என்றாள் ரத்தினபாய்.

"நான் நோயாளி இல்லை அத்தை. வரேன்."

கோயிலில் திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து பீடத்தண்டை போனார்கள். அவர்கள் வரிசை வந்தது. தபீதாள் எழுந்தாள். ரத்தினபாய் எழவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருஷத்தில் ஒரு திருவிருந்தைத் தவறவிடாதவள். ஊரை ஏமாற்றத் துணிந்தவளுக்கு, அந்தப் பொய்யோடு அப்பத்துக்குக் கை நீட்டத் தைரியம் வரவில்லை. முழங்காலில் நின்ற தபீதாளுக்கு, அதுவரை இருந்த கோபம் கரைந்து, மாமியார்மேல் இரக்கம் பொங்கி வந்தது. ஆனால் இரக்கப்பட்டு ஒரு மாதம் படுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் மெட்டில்டா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நாலைந்து பெண்கள்.

"ஏன் தபீதா எழுந்து வந்தே? கலைஞ்ச உடம்பும்மா. பச்சை உடம்பு மாதிரி."

ரத்தினபாய் கோயில் வாசற்படியில் நின்றிருந்தாள். தபீதாள் அவளை ஒரு முறை பார்த்தாள். மாமியாரைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை, தலையாட்டவும் மனமில்லை. இன்று தலையாட்டினால் நாளை படுக்க வேண்டும். படுத்தால் டாக்டரும் இல்லை, மாத்திரையும் இல்லை.

"கலையலை அக்கா. இருந்தாத்தானே கலையும்," என்றாள். "எனக்கு எப்பவும் நாள் தள்ளித் தள்ளித்தான் வரும். அதை வெச்சு அத்தை ஆசையில தப்பா நினைச்சுட்டாங்க. இனிமேதான் பிள்ளை வேணும். அதுக்கு இன்னிக்கு மாத்திரை ஆரம்பிக்கிறேன்."

கைப்பையைத் திறந்து, வாழைப்பழத்தை எடுத்து, அவர்கள் முன்னாலேயே உரித்தாள்.

மெட்டில்டா வாசற்படிப் பக்கம் திரும்பினாள். "என்னக்கா இது? நீங்கதானே என்கிட்ட..."

"நான் சொன்னது பொய், மெட்டில்டா," என்றாள் ரத்தினபாய். "அவ சொல்றதுதான் நிஜம். அவளை ஒண்ணும் கேக்காதே."

சொன்னவள் அங்கே நிற்கவில்லை. செருப்பை அங்கேயே உதறிவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே விறுவிறுவென்று நடந்தாள். "ஐயா! கொஞ்சம் இருங்க! மிச்சம் இருக்கா? நான் இன்னும் எடுக்கலை!" அங்கியைக் கழற்றப்போன போதகர் திகைத்துத் திரும்புவது வெளியிலிருந்தே தெரிந்தது. பிறகு அவர் பீடத்தருகே போனார். ஆளில்லாத கோயிலில் ரத்தினபாய் ஒருத்தி மட்டும் முழங்காலில் நின்றாள்.

தபீதாள் பழத்தைத் தின்று, மாத்திரையை வாயில் போட்டாள். யாரோ தண்ணீர்ச் செம்பை நீட்டினார்கள். மெட்டில்டாதான்.

"இதைப் போட்டா உண்டாயிடுமா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"தெரியாதுக்கா. ஆகலேன்னா அடுத்தது வரும்வரைக்கும் காத்திருந்து மறுபடி போடுவேன்."

கொஞ்ச நேரத்தில் ரத்தினபாய் உதட்டைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கலைந்து போகாமல் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். மதில் ஓரத்தில் பேசிய அந்தத் தாழ்ந்த குரல் இப்போது இல்லை.

"தபீதா, மாத்திரை போட்டுட்டியா?" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டாள்.