பஞ்சு அறையில் நெல்சியின் மணி

என் மச்சான் ஆர்பெய் தன் முன்னறைச் சுவருக்குப் பஞ்சு வைத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒப்ரேரோ பேட்டையே என் வீட்டில்தான் கிடக்கும். சிமென்ட் மூட்டை தூக்கி நான் சேர்த்ததெல்லாம் சல்சா இசைத்தட்டுகள். வருகிறவர்கள் ஆளுக்கொரு மாட்டுமணியும் குச்சியும் கொண்டுவருவார்கள். தட்டு சுழலும்போது கூடவே அடிக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. என் மனைவி நெல்சி அடிப்பதைப் பார்க்கவே பாதிப் பேர் வருவார்கள்.

"மச்சான், உன் ரூம்ல சத்தம் செவுத்துல மோதி மோதித் திரும்புது. அது பாட்டு இல்ல, தகர டப்பா," என்று எல்லோர் முன்னாலும் சொன்னான் ஆர்பெய். சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு என் வீட்டுக்கு ஒரு நாய்கூட வரவில்லை. எல்லோரோடும் தம்பி வீட்டுக்குப் போக நெல்சியும் மணியைப் பையில் போட்டாள்.

"தம்பி ஆசையா செஞ்சிருக்கான். நீயும் வாயேன், வயித்தெரிச்சல் புடிச்ச மனுஷா!"

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். என்னிடம் இருப்பதிலேயே நல்ல தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மரச்சட்டத்தில் பஞ்சைத் திணித்து, மேலே சாக்குத்துணி இழுத்துக் கட்டியிருந்தான். நாலு சுவர், மூலைகள், கூரை, கதவின் உள்பக்கம் என்று ஓர் இடம் பாக்கியில்லை.

"சவப்பெட்டிக்குக்கூட இவ்வளவு மெத்தை போட மாட்டாங்கடா," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

என் தட்டைப் போட்டான். பாடுகிறவன் மூச்சு இழுப்பது கேட்டது. கிடார் கம்பியை விட்டு விரல் நகர்வது கேட்டது. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணிய தட்டு, ஒருநாளும் எனக்குச் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது. தட்டுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

நெல்சி மணியை எடுத்து அடித்தாள். டொக். தலையணையில் அடித்த மாதிரி இருந்தது. மறுபடி ஓங்கி அடித்தாள். டொக்.

"அடப்பாவி தம்பி, என் மணியைக் கொன்னுட்டியேடா!"

மற்றவர்களும் அடித்துப் பார்த்தார்கள். ஒரு மணியிலும் ஓசை எழும்பவில்லை.

"மணியெல்லாம் கீழ வைங்க. இங்க கேக்க மட்டுந்தான்," என்றான் ஆர்பெய்.

"கேக்க மட்டும்னா பாதிரியார் பிரசங்கத்துக்கே போயிருப்போமே!" என்று குண்டன் எவேலியோ சாராயப் புட்டியோடு எழுந்தான். பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள்.

நெல்சி என்னிடம் கை நீட்டினாள். "சாவியக் குடு. நம்ம தகர டப்பாவுக்கே போறோம்."

எத்தனை ராத்திரி இதற்காக வேண்டியிருப்பேன்! சாவியைக் கொடுத்தேன்.

"நீ வரலயா?"

தட்டின் ஒரு பக்கம் முடிந்து ஊசி உரசிக்கொண்டிருந்தது. ஆர்பெய் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"மறுபக்கம் போடவா மச்சான்?"

"போடு," என்றேன். "மொதல்ல அந்தக் கதவைச் சாத்து."