வேரில் விழுந்த முடிச்சு

அம்மா வாடிய செடியொன்றை வேரோடு பிடுங்கிவந்து பூமயில் மதினியின் காலடியில் எறிந்தாள். மஞ்சளித்துப்போன சோயா மொச்சைச் செடி. வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது.

"பாத்துக்கடி! உன் கழுத்துல முடிச்சு அவுந்துச்சு, அங்கன வேர்ல விழுந்துருச்சு."

"நான் வயல்ல காலே வைக்கலையே அத்தை."

அது உண்மை. கடலோர ஊர்களை அழித்த பெரும்புயலுக்கு முந்தின வருடம் அது. மதினியின் புருஷன், என் மலையாண்டி அண்ணன், காய்ச்சலில் செத்துப்போனதும், தாலியறுத்தவள் பச்சை வயலுக்குள் இறங்கக் கூடாது என்று விதித்துவிட்டார்கள். அதுவரை அந்த வயலில் களை கொத்தியவள் அவள்தான். வேறு ஆளில்லாமல், நயினார்கோவில் விவசாய ஆபீஸில் கொடுத்த களைக்கொல்லி மருந்தை அய்யா வாங்கிவந்து அடித்தார். களை செத்தது. மொச்சையும் சுருண்டது.

"கால் வைக்காட்டி என்ன? உன் மூச்சுக்காத்து பட்டாப் போதாதா?" என்றாள் அம்மா.

அய்யா என்னைக் கூப்பிட்டார். "ஏ ராக்கு, மதினிய மத்தியானப் பஸ்ஸுல பரமக்குடிக்கு ஏத்திவிட்டு வா. பெறந்த வீட்டுலயே இருக்கட்டும்."

பிறந்த வீட்டில் இருந்தவர்கள் அண்ணன்மார் மட்டுமே. அவர்கள் எழவுக்கே வரவில்லை.

அந்த நேரம், ஊர் ஊராய்ப் போய் விவசாய யோசனை சொல்லும் கிராம சேவக் வீரபத்திரன் வயலைப் பார்த்துவிட்டு வந்தார். கையில் இன்னொரு செடி.

"பெரியவரே, இது வரப்போரத்துச் செடி. மருந்து படல. இதுலயும் முடிச்சு இருக்கு பாருங்க. கண்ணுக்குத் தெரியாத புழுவோட வேல. ஆனாலும் காய் புடிச்சிருக்கு. மருந்துல நொந்த வேரப் புழுவும் அரிச்சா எங்கிட்டுத் தாங்கும்? ரெண்டும் சேந்து அடிச்சிருச்சு. மருந்தக் குடுத்த எனக்கே இப்பத்தான் வெளங்குது."

"மூணாவதா ஒண்ணும் சேந்திருக்கு தம்பி," என்று அம்மா மதினியைப் பார்த்தாள்.

வீரபத்திரன் அய்யா பக்கம் திரும்பினார். "வரப்போரத்தையாவது காப்பாத்துங்க. இனி மருந்து வேணாம், கையால கொத்துங்க" என்று சைக்கிளை எடுத்தார்.

"கொத்த ஆளு?" என்றார் அய்யா.

அம்மா தெருவை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "விடியுமுன்ன, ஊரு கண்ணுல படாம, இவளே போயிட்டு வரட்டும்."

மதினி எழுந்தாள். கூரை எரவானத்தில் செருகியிருந்த களைக்கொத்தை உருவினாள். துருப் பிடித்திருந்தது.

"இப்பவே போறேன் அத்தை. ஊரு பாக்கட்டும்."

மத்தியானம் பரமக்குடிப் பஸ், அவள் குனிந்து கொத்திக்கொண்டிருந்த வயலைத் தாண்டித்தான் போனது.