நகராத தண்ணீர்

காலையில் என் அயனிகள் நகரவே இல்லை. கரிம உப்பு ஒன்றைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆளுயரக் காந்தத்துக்குள் இறக்கியிருந்தேன். அயனி இடம்பெயர்ந்தால் சிக்னல் தேய வேண்டும். என் சிக்னலோ இடித்த புளி மாதிரி அப்படியே நின்றது. மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் பார்த்தேன், காந்தப்புலத்தைச் சரிவாக்கும் கிரேடியன்ட் பெட்டியை ஆன் செய்யவே இல்லை. அது இல்லாவிட்டால் ஓடுகிறதும் நின்றதாகத்தான் தெரியும். முனைவர் பட்டம் வாங்கின மகராசி! தலையில் அடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

அப்போது அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார்.

"நைட் டியூட்டி முடிஞ்சு வந்து பார்த்தா, அக்கா சமையல்கட்டுல விழுந்து கிடக்குறாம்மா. எப்போ விழுந்தாளோ தெரியல. பேச்சு வரல. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்குறாங்க, வா."

போனேன். அழுகை வரவில்லை. மரத்துப்போய் இருந்தேன். ஆய்வகக் கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

ஸ்கேன் டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். அதுவும் காந்தம்தான், அதே அளவீடுதான்; உப்புக்குப் பதில் மூளைக்குள் இருக்கும் தண்ணீர். இடப்பக்கம் வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தது. ரத்த ஓட்டம் அடைபட்டு, தண்ணீர் சரியாக நகராத இடம்தான் அப்படித் தேயாமல் வெளுத்து நிற்கும்.

"மேடம், கிரேடியன்ட் ஆன்ல இருந்துச்சா?"

"எதுக்கும்மா கேக்குறீங்க?"

"காலையில எனக்கு ஆஃப்ல இருந்துச்சு. இன்னொரு தடவை எடுங்களேன்."

கேட்கும்போதே என் கண் திட்டைச் சுற்றி வந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் ஒழுங்காகத் தேய்ந்து இருண்டிருந்தது. பெட்டி அணைந்திருந்தால் மொத்த மூளையும் வெளுத்திருக்கும். பாழாய்ப்போன படிப்பு, ஏமாறக்கூட விடவில்லை.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானே இதையெல்லாம் படிச்சவ. நீ சொல்லு. அவ பேசுவாளா, மாட்டாளா?"

டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் திரையில் அந்தத் திட்டின்மேல் விரலை வைத்தார்.

"பேச்சுக்கான இடம் போயிடுச்சு மாமா. மெஷின் சரியாத்தான் ஓடியிருக்கு."

ரிசல்ட் வாசிக்கிற குரலில் சொன்னேன். மாமா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

அக்காவின் கட்டிலருகே போய் நின்றேன். சின்ன வயதில் என்னை முதுகில் சுமந்தே திரிந்தவள். இன்றுவரை 'உப்புமூட்டை' என்றுதான் கூப்பிடுவாள். நான் உப்பை ஆராயப் போனபிறகு கேலி இன்னும் கூடிப்போயிற்று. என்னைக் கண்டதும் வாயைத் திறந்தாள். உதடு ஒருபக்கமாக இழுத்தது. மறுபடி திறந்தாள். சத்தம் வரவில்லை. கண்ணால் கெஞ்சினாள்.

"உப்புமூட்டை வந்திருக்கேன்க்கா," என்று நானே சொன்னேன்.