உப்புத் தண்ணீரில் சாயம் போகுமா?

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் ஜவுளிக்கடைக் கவுண்டரில் பிறந்தது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். கத்தரிப்பூ நிறக் காட்டன் சேலை ஒன்றை எடுத்து விரித்தாள். பிறகு கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகக் கேட்டாள்.

"அக்கா, இது உப்புத் தண்ணியில சாயம் போகுமா?"

சங்கரன்கோவிலில் இருபத்திரண்டு வருஷமாகச் சேலை விற்கிறேன். சுருங்குமா, வெளுக்குமா, கஞ்சி போடணுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரைப் பற்றி ஒருத்தியும் கேட்டதில்லை. கடல் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். யார்கூடப் போறீங்க என்று விசாரித்தேன். "அவுககூட" என்றாள். வேற யாரு என்றேன். வேற யாரும் இல்லையாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

தைரியமா நனைங்க, போகாது என்று அடித்துச் சொல்லி விற்றுவிட்டேன். அவள் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பிட்டுத் துணியை டம்ளரில் உப்புத் தண்ணீர் விட்டு ஊறப்போட்டேன். பில் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். அவள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. தெரிந்ததெல்லாம் தலைமுடியில் ஒட்டியிருந்த தறிப் பஞ்சும் அந்தப் பெரிய சத்தமும்தான். அது போதாதா?

2.

முதல் தொடக்கம்: "நீலக்கடல் தாலாட்ட, இளஞ்ஜோடி ஒன்று கரையோரம்..." அடித்துவிட்டேன். தாலாட்டுகிற கடலை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: "மேக்கரையில் தென்னந்தோப்புக்குள் ஒரு சின்ன விடுதி. சன்னலைத் திறந்தால் மலை, கதவைத் திறந்தால் வாய்க்கால்..." நல்ல இடம்தான். புதுசாகக் கல்யாணமானவர்கள் யாராவது கேட்டால் அங்கேதான் அனுப்புவேன். ஆனால் உப்புத் தண்ணீருக்கு எங்கே போவேன்? அதுவும் போச்சு.

மூன்றாவது: "பொன்செல்விக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். புருஷன் மகாராஜன் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை."

ஆங்! இதைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தை எழுதியதும் எழுந்து கடைக்குள் ரெண்டு தரம் நடந்தேன்.

[டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கிறது.]

3.

மகாராஜன் வீட்டு முன்கூடத்தில் நாலு விசைத்தறி. காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் கடகடகடவென்று ஒரே சத்தம். அந்த வீட்டில் காபி வேண்டுமென்றாலும் கத்த வேண்டும், கோபம் வந்தாலும் கத்த வேண்டும். "இந்தச் சேலை உனக்கு நல்லாருக்கு" என்பதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். தறி நின்ற பிறகும் தொண்டை பழைய கணக்கிலேயே நிற்கும். மெதுவாகப் பேசுகிற வித்தையே அந்த வீட்டுக்கு மறந்துபோயிருந்தது. பொன்செல்விக்கு ஒரே ஒரு ஆசை. தறி இல்லாத, ஆள் இல்லாத ஒரு இடத்தில் இந்த மனுஷன் தன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை பேச வேண்டும். ஒரு பகல் போதும்.

மகாராஜனும் கல்நெஞ்சன் இல்லை. ஒருநாள் நூல் அறுந்ததை முடிந்துகொண்டே, தறிச் சத்தத்துக்கு மேலே, பக்கத்தில் நின்ற அவளிடம் கத்தினான். அவர்கள் வழக்கப்படி அது ரகசியம்.

"ஏட்டி, மணப்பாட்டுக்குப் போவோம். கடலப் பாத்துட்டு வருவோம். ஒரு ஆளும் கூட வரக் கூடாது, நீயும் நானும் மட்டுந்தான்!"

பாதியில் கரண்ட் போயிற்று.

நாலு தறியும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதியில் "ஒரு ஆளும் கூட வரக் கூடாது, நீயும் நானும் மட்டுந்தான்" தெருக்கோடி வரை போனது. அடுப்படியிலிருந்து மகாராஜனின் அம்மா முருகம்மாள் வந்து நின்றாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

மணப்பாடு என்று சொல்லியிருக்கலாம். எதுக்கு என்பாள். சும்மா என்று எப்படிச் சொல்வது? புருஷனும் பொண்டாட்டியும் சும்மா ஒரு ஊருக்குப் போகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பயலுக்கு வேர்த்துவிட்டது. திருச்செந்தூருக்கு, நேர்ச்சை என்றான். என்ன நேர்ச்சை என்றாள். "மொட்ட" என்றான்.

4.

எழுதிவிட்டு நானே தலையில் அடித்துக்கொண்டேன். அட மடையா! எங்கள் பக்கத்தில் திருச்செந்தூர் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், வாசலில் வேன் வந்து நிற்கும். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் மணப்பாட்டுச் சிலுவைக் கோயில் திருவிழாவுக்குப் போனபோது எங்கள் வேனில் பதினெட்டுப் பேர். இருபத்திரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரரோடு தனியாகப் போன இடம் ரேஷன் கடை. சரி, என் கதை இப்போது எதுக்கு?

பொழுது அடைவதற்குள் நாத்தனார், அவள் மாப்பிள்ளை, சித்தப்பா வீடு என்று பதினாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். பொன்செல்வியின் நாலு வயசு மகள் யார் மடியில் உட்காருவது என்பதுவரை முடிவாயிற்று. பொன்செல்வி கத்தரிப்பூச் சேலையை மடித்துப் பையில் வைத்தாள். அழுகை வந்தது, அழவில்லை.

(இந்த இடத்தில் முருகம்மாளை வில்லியாக ஒரு பக்கம் எழுதினேன். வேண்டுமென்றே வேன் பிடித்தாள், வேண்டுமென்றே இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள் என்று. படித்துப் பார்த்தால் எனக்கே பொறுக்கவில்லை. அந்த அம்மாளும் அதே தறிச் சத்தத்தில் முப்பத்தைந்து வருஷம் கத்திக்கொண்டு வாழ்ந்தவள்தானே? பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

5.

திருச்செந்தூர். மகாராஜனுக்கு நிஜமாகவே மொட்டை போட்டாயிற்று. வேறு வழி? சந்தனம் பூசிய தலையோடு அவன் வந்து நின்றதைப் பார்த்துப் பொன்செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடற்கரையில் எடுக்கப்போகிற போட்டோவுக்காக அவள் நினைத்து வைத்திருந்த முகம் இதுவல்ல.

கோயிலுக்குள் செல்போன் கூடாது. எல்லார் போனையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால் வலி என்று முருகம்மாள் வெளியே உட்கார்ந்துவிட்டாள். மகளையும் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் வரிசைக்குப் போனார்கள். துண்டு வாங்கிட்டு வாறோம், நீங்க முன்னால போங்க என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு இவர்கள் இருவரும் பின்தங்கினார்கள். பொன்செல்வி தன் போனைக் கொடுக்காமல் இடுப்பில் செருகியிருந்தாள். மெதுவாக நடந்து, வேகமாக நடந்து, கடைசியில் ஓடி, பஸ் ஸ்டாண்டில் உவரி பஸ்ஸில் ஏறினார்கள். மணப்பாடு அந்த வழிதான். எழுதும்போது நானும் கூடவே ஓடினேன், மூச்சு வாங்குகிறது. மணப்பாட்டில் ஒரு பக்கம் கடல் இரைந்தாலும் கழிமுகத்துப் பக்கம் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். நான் பார்த்திருக்கிறேன். மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். போன் அடித்தது. திரையில் "அத்தை".

முடிவு அ: பொன்செல்வி போனை அணைத்துவிட்டாள். பஸ் கிளம்பியது.
முடிவு ஆ: அவள் பயந்து இறங்கிவிட்டாள். கடல் அடுத்த வருஷ...
[இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.]
முடிவு இ: எடுத்தாள். எங்கே இருக்கிறீர்கள் என்று முருகம்மாள் கேட்கவே இல்லை.

"வரிசை நகரல. வெளிய வர மூணு மணி நேரம் ஆவும்னு சொல்லுதாவ. வெயிலு சுள்ளுன்னு அடிக்கி, மொட்டத் தலையில துண்டப் போட்டுக்கிடச் சொல்லு."

வைத்துவிட்டாள்.

எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கழிமுகத்தில் அவன் என்ன சொன்னான் என்று மட்டும் எழுத மாட்டேன். ஆறு வருஷம் காத்திருந்தவள் அவள், நாம் இல்லை.

6.

இங்கே முடித்திருப்பேன். முந்தாநாள் அவள் திரும்ப வந்துவிட்டாள். நிஜமானவள்!

என்னவோ கேட்டாள், எனக்குக் காதில் விழவில்லை. கவுண்டர்மேல் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு மெதுவாகப் பேசினாள். அதே மாதிரி இன்னொரு சேலை வேண்டுமாம், அரக்கு நிறத்தில்.

"எங்க அத்தைக்கு" என்றாள்.

அரக்குச் சேலையை எடுத்து விரித்தேன். சாயம் போச்சா என்று மட்டும் கேட்டேன். "போகலக்கா" என்று சிரித்தாள்.

வாசலில் பைக்கில் ஒருத்தர் காத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட் போட்டிருந்தார். இந்த ஊரில் ஹெல்மெட் என்பது டாங்கின்மேல் வைக்கிற சாமான். மதியம் ஒரு மணி, நிறுத்தின வண்டி, அந்த வெயிலில் அந்த மனுஷன் அதைக் கழற்றவே இல்லை. அவள் ஏறி உட்கார்ந்து அவர் தோள்பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள். வண்டி போய்விட்டது.

உள்ளே முடி இருந்ததா, மொட்டையா? எனக்குத் தெரியாது. நீங்களே கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. டம்ளர் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, கத்தரிப்பூ நிறத்தில் மிச்சமிருந்த ஒரே சேலையை எனக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை மட்டும் கடைக்கு லீவு விட்டிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் காரணம் இன்னும் சொல்லவில்லை. திருச்செந்தூர் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.